தாரா, அவருகிட்டச் சொல்லு

நவம்பர் 2, ஞாயிறு

காலை 10.20க்குப் புது வண்டி வீட்டுக்கு வந்தது. வெள்ளை நிறம். ஏற்கெனவே ஓடியிருந்த தூரம் 31 கிலோமீட்டர். முப்பத்தைந்து வருடம் நில அளவையராக அளவுச் சங்கிலி இழுத்தவன் நான். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் எண்ணைக் கண்டால் குறித்துக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை. இனி தினமும் வண்டி ஓடிய கணக்கை இந்த நோட்டில் எழுதுவதாக முடிவு.

ஷோரூமிலிருந்து யாழினி என்ற பெண் வந்து எல்லாவற்றையும் விளக்கினாள். இந்த வண்டிக்குக் காது இருக்கிறதாம். "தாரா" என்று கூப்பிட்டுச் சொன்னால் கண்ணாடி இறங்கும், ஏசி கூடும் குறையும், வழி சொல்லும், போன் போடும். தமிழ் தெரியும்.

"அதிகாரமாச் சொல்ல வேண்டாமுங்க ஐயா. சாதாரணமாப் பேசுனாப் போதும்" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னேன். "தாரா, சன்னலைத் திற." எதிர்வீட்டு நாச்சிமுத்து என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்து பார்த்தார். வண்டி, "மன்னிக்கவும், மீண்டும் சொல்லவும்" என்றது. மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் மன்னிப்புக் கேட்டது. பின் சீட்டில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த பூங்கோதை தலையை நிமிர்த்தாமல், "தாரா, கண்ணாடிய எறக்கு" என்றாள். நான்கு கண்ணாடிகளும் ஒன்றாக இறங்கின.

பூங்கோதை என் மனைவி. இங்கே கோபியிலிருந்து பதினான்கு கிலோமீட்டரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவள் வண்டியோடு பேசினாள். என்னோடு பேசவில்லை. இன்றோடு மூன்று நாள். காரணம் அற்பம். ஒரு போன் விஷயம். எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 3, திங்கள்

இன்று முதல் பூங்கோதையைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் அழைத்து வருவது என் வேலை. பஸ்ஸில் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. எதையும் சொன்னால்தானே. பின் சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாரியூர் தாண்டியதும், "தாரா, எனக்குக் குளிருது" என்றாள். ஏசி 22லிருந்து 24 ஆனது. எனக்கு வியர்த்தது. "தாரா, எனக்கு வேர்க்குது" என்றேன். 22. கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குக் குளிர்ந்தது. 24. இப்படிப் பள்ளி வரைக்கும் ஒன்பது முறை ஏறி இறங்கியது. பத்தாவது முறை தாரா, "வாகனத்தில் வெவ்வேறு விருப்பங்கள் உள்ளன. உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளவும்" என்றது. இதை யார் எழுதி வைத்தார்களோ, கல்யாணமானவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இறங்கும்போது ஏசி 24இல் இருந்தது. நான் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது. தூரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் ஒரு முன்னேற்றம். பள்ளி வாசலில் இறங்குவதற்கு முன் அவள், "தாரா, இன்னிக்கு நாலரைக்கு வர வேண்டாம். அஞ்சே காலுக்கு வந்தாப் போதும்னு அவருகிட்டச் சொல்லு" என்றாள்.

"மன்னிக்கவும், அதை என்னால் செய்ய முடியாது."

"தாரா, சரின்னு சொல்லிரு" என்றேன் நான்.

"எதற்குச் சரி?"

அவள் இறங்கிப் போய்விட்டாள். போகும்போது தோள் கொஞ்சம் குலுங்கியதைப் பார்த்தேன். சிரித்தாளா, பை கனமா, தெரியவில்லை.

ஐந்தே காலுக்குப் போனேன். பள்ளி கேட்டுக்குள்ளிருந்து வராமல் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். கையில் ஒரு பழுப்புக் கவர். சிறப்பு வகுப்பாக இருக்கும். வழியில் கரும்பு லோடு டிராக்டருக்குப் பின்னால் ஜாக்கிரதையாகப் போய்க்கொண்டிருந்தேன்.

"தாரா, டிராக்டருக்குப் பின்னாடியே ஊர் வரைக்கும் போகணும்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதா?" என்றாள்.

"அருகில் மூன்று கரும்புச்சாறு கடைகள் உள்ளன" என்றது தாரா.

சட்டம் இல்லைதான். ஆனால் முந்துவது அவரவர் நிதானத்தைப் பொறுத்தது. மொத்த ஓட்டம் 315.

நவம்பர் 8, சனி

பூங்கோதை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வண்டியில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தேன். என் குரலில் குறையில்லை. தாராவுக்குப் பழக்கம் போதாது. ஒரு மணி நேரத்தில் வைப்பர், விளக்கு, ரேடியோ மூன்றும் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டன. அந்தத் தைரியத்தில், "தாரா, பூங்கோதைக்கு இன்னும் கோபமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கோபிக்கு வழி தேடுகிறேன். நீங்கள் ஏற்கெனவே கோபியில்தான் இருக்கிறீர்கள்."

"கோபி இல்ல. கோபம்."

"கோபியை நீக்கிவிட்டேன்."

நாச்சிமுத்து காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "யாருகூடப் பேசிட்டு இருக்கீங்க சென்னியப்பன்?" என்றார்.

"வண்டிகூடத்தான்."

"ஊட்ல அவங்க இல்லீங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றால், அதற்காக வண்டியோடு பேசுவதா என்பார். பேட்டரி பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மதியம் வழக்கம்போல ஒன்றரை மணி நேரத் தூக்கம். எழுந்து வண்டியைத் துடைக்கும்போது ஒரு விநோதம். மீட்டர் 371 காட்ட வேண்டும். 382 காட்டியது. தவிர, ஓட்டுநர் சீட் இரண்டு அங்குலம் முன்னால் வந்திருந்தது. முட்டி இடித்தது. புது வண்டியிலேயே கோளாறு. பூங்கோதையிடம் கேட்க முடியாது. கேட்டாலும் அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்தாள், உண்மை. நேரம் தவறாமல் புதுப்பித்தும் வைத்திருக்கிறாள். பழைய வண்டியை நான் அவள் கையில் கொடுத்ததில்லை. கோபி ரோடு அப்படி.

நவம்பர் 9, ஞாயிறு

ஈரோட்டில் ஒரு கல்யாணம். என்னோடு வேலை பார்த்தவரின் மகன். நான் சலவை வேட்டி, சட்டை. பூங்கோதை மயில்கழுத்து நிறப் பட்டு, தலை நிறைய முல்லை. பின் சீட்டில்.

கவுந்தப்பாடி அருகே லேசாகத் தூறல் ஆரம்பித்தது. தனியாகப் பேசிக்கொள்வதுபோல, "நல்லவேளை, நான் வெள்ளக் கலர் எடுத்தேன். பொம்பளைங்க பேச்சக் கேட்டு நீலம் எடுத்திருந்தா அழுக்காத் தெரியும்" என்றேன். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

சொல்லி முடித்த அரை நிமிடத்தில் என் தலைக்கு மேலே கூரை திறந்துகொண்டது. சன்ரூஃப் என்று யாழினி காட்டியிருந்தாள். அது முன் சீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. "தாரா, மூடு" என்றேன். ரேடியோவை மூடியது. "தாரா, மேல மூடு" என்றேன். மேட்டுப்பாளையத்துக்கு வழி காட்டவா என்றது. வண்டியை ஓரம் கட்டிப் பட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தூறல் மழையாகிவிட்டது.

மண்டபத்தில் பன்னீர் தெளிக்க நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். பூங்கோதையின் மேல் ஒரு சொட்டு இல்லை. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டாம் தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

அவளைப் பள்ளியில் விட்டதும் நேராக ஷோரூம் போனேன். யாழினியிடம் மூன்று புகார் சொன்னேன். கூரை தானாகத் திறக்கிறது. சீட் தானாக நகர்கிறது. மீட்டர் தானாக ஓடுகிறது.

அவள் திரையில் என்னென்னவோ தட்டினாள். "ஐயா, சன்ரூஃப் தானாத் தெறக்கலீங்க. நேத்து பத்து நாப்பத்திரண்டுக்கு 'மேல் கூரையைத் திற'ன்னு யாரோ மெல்லச் சொன்னதாப் பதிவாகியிருக்குது. பின் சீட் மைக்ல."

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"பின் சீட்ல இருந்துங்களா?"

"காத்து வேணும்னு."

அந்தப் பெண் கெட்டிக்காரி. மேலே கேட்கவில்லை. சீட்டைப் பற்றி மட்டும், "இதுல ரெண்டு பேரோட அளவு பதிஞ்சிருக்குதுங்க. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு கொஞ்சம் உயரம் கம்மியானவங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்த ஆளாக இருக்கும் என்றேன். இருக்குமுங்க என்றாள்.

மீட்டரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வரும்போது கூரை விஷயமாகக் கண்டிக்கலாம் என்று நினைத்தேன். யாரைக் கண்டிப்பது? "தாரா, பெரியவங்க பேசறப்ப நடுவுல புகுந்து கூரையத் தெறக்கக் கூடாது" என்றேன்.

"கூரையைத் திறக்கிறேன்" என்றது தாரா.

பின்னாலிருந்து தெளிவாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை பையின் கனத்தால் அல்ல.

நவம்பர் 12, புதன்

நடக்கக் கூடாதது நடந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் வண்டிக்குள் மணி அடித்தது. "மேகலை அழைக்கிறார். எடுக்கவா?" என்றது தாரா. மேகலை எங்கள் மகள். பூனாவில் வேலை. பூங்கோதையின் போனும் வண்டியோடு இணைந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வேண்டாம்" என்றேன் நான். "எடு" என்றாள் அவள். எடுத்துவிட்டது.

எட்டு ஸ்பீக்கரிலும் மகள் பேசினாள். "அம்மா, அப்பா இன்னும் வாயத் தெறக்கலியா? அந்த ஆபீஸ்காரர்கிட்ட என்ன சொன்னாருன்னு அவரா ஒத்துக்கவே மாட்டாரா? உன்னோட பதவி உயர்வு என்ன, அவரு அளந்து குடுக்கற பட்டாவா?"

"கண்ணு" என்றாள் பூங்கோதை. "அப்பாதான் வண்டி ஓட்டறாரு. எல்லாம் கேக்குது."

கால் கிலோமீட்டர் போனது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றாள் மகள்.

"நல்லா இருக்கேன் சாமி."

"அங்க மழையா?"

"மழைதான்."

எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று போன வாரம் எழுதினேன். இனி எழுதாமல் இருப்பது முறையல்ல. அக்டோபர் 30ஆம் தேதி காலை பூங்கோதை போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கல்வி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அம்மாவுக்குத் தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வருகிறது, மலை மேலே தாளவாடிப் பக்கம் ஒரு பள்ளி காலியாக இருக்கிறது, போக விருப்பமா என்று கேட்டார் எழுத்தர். நான், "விருப்பமில்லைங்க. ஒடம்புக்கு முடியாது. அந்த மலையேறிப் போக முடியாது" என்றேன். யாருடைய உடம்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினெட்டாம் தேதியோடு பட்டியல் முடிகிறது, மனசு மாறினால் அதற்குள் சொல்லுங்கள் என்றார். மறுபடி கூப்பிட்டால் தெரிய வேண்டும் என்று, அந்த எண்ணை 'எடுக்க வேண்டாம்' என்ற பெயரில் என் போனில் பதிந்துகொண்டேன். அன்றைக்கே யாரோ சக ஆசிரியை அவளிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து பேச்சில்லை.

திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. யானை நிற்கும். மேகம் இறங்கினால் முன்னால் போகும் வண்டி தெரியாது. அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். வீட்டில் காஸ் அடுப்பின் இடது பக்க பர்னர் சரியாக எரிவதில்லை. அதை எப்படிப் பற்ற வைப்பது என்று அவளுக்குத்தான் தெரியும்.

பதினெட்டாம் தேதி போய்விட்டால் எல்லாம் தன்னால் சரியாகிவிடும்.

நவம்பர் 13, வியாழன்

மழை. ஏசி 24. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

காலையில் சந்தைக்குப் போனோம். அவள் வண்டியிலேயே இருந்துகொண்டாள். "தாரா, கத்திரிக்கா காம்பு பச்சையா இருக்கோணும், அரைக்கீரை ரெண்டு கட்டு, வெங்காயம் வேண்டாம்" என்றாள். தாரா ஒரு பட்டியலைத் திரையில் காட்டியது. நான் படித்துக்கொண்டேன். எங்களுக்குள் இந்த ஏற்பாடு இப்போது ஓரளவு படிந்துவிட்டது.

திரும்பி வரும்போது தூறல். வண்டியின் பின்பக்கக் கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியிருந்தது. உள்ளே அவள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். மகளாக இருக்கும் என்று நின்றேன். மகள் இல்லை.

"மாணவர்களே, நான் உங்க புது தலைமை ஆசிரியை. என் பேரு பூங்கோதை. இந்தப் பள்ளிக்கு நான் புதுசு. ஆனா இந்த மலை எனக்குப் புதுசில்ல. கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரர் இந்த மலைய அளக்க வந்தப்ப நானும் கூட வந்திருக்கேன். சங்கிலியோட ஒரு முனைய ஒரு நாள் நான் புடிச்சிருந்தேன்."

நிறுத்திவிட்டு, "தாரா, எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"மன்னிக்கவும், மீண்டும் சொல்லவும்."

கோபப்படாமல் முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை 'வீட்டுக்காரர்' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினாள். தாரா மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. மூன்றாவது முறையும் சொன்னாள், குரலை ஒரு படி உயர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

நான் கீரைக்கட்டோடு மழையில் நின்றிருந்தேன். கீரைக்காரம்மா, "ஏனுங்க, வண்டி சாவி தொலஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவள் பேசி முடித்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தேன்.

சங்கிலி பிடித்தது 1996, பிப்ரவரி. எனக்கு மறந்தே போயிருந்தது. அளவுப் புத்தகத்தில் உதவியாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தை அன்றைக்கு நான் காலியாக விட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மதியம் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். இரண்டு மணிக்கு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. இரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்து நின்றது. கேட்டில் உரசவில்லை. ஒரே திருப்பில் ஷெட்டுக்குள் போனது. எனக்கு மூன்று திருப்பு வேண்டும்.

நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. மீட்டரையும் இன்று குறிக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

எப்படியாவது இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். நாளை கடைசி நாள். அவள் முன்னாலேயே சொல்ல வேண்டும், அதுதான் முறை. நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு வராது. வண்டி ஓட்டும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

சாயங்காலம் நாலரைக்குப் பின் சீட்டில் ஏறினாள். ஒரு கிலோமீட்டர் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாரா, 'எடுக்க வேண்டாம்'க்குப் போன் போடு" என்றேன்.

"சரி, போன் எடுக்கப்படாது."

"இல்ல. எடுக்க வேண்டாம்ங்கறது பேரு. அதுக்குப் போடு."

"சரி, எடுக்கவில்லை."

"போடுன்னு சொல்றேன்."

"யாருக்கு?"

"எடுக்க வேண்டாம்."

"சரி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் கெட்ட புத்தி அந்தப் பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டு வழி மறிக்கிறது. அப்போது பின்னாலிருந்து பூங்கோதை அமைதியாக, "தாரா, இந்த நம்பருக்குப் போடு" என்று சொல்லிக் கல்வி அலுவலக எண்ணை முழுவதும் மனப்பாடமாகச் சொன்னாள். இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள் மணி அடித்தது. மாரப்பன் என்ற அதே எழுத்தர் எடுத்தார்.

"வணக்கமுங்க. நான் இயற்பியல் டீச்சர் பூங்கோதையோட வீட்டுக்காரர் பேசறேன். போன மாசம் முப்பதாந்தேதி நீங்க கூப்பிட்டப்ப, அவங்களுக்கு விருப்பமில்லன்னு சொன்னது நான்தான். அவங்களக் கேட்டுட்டுச் சொல்லல. கேக்காமச் சொன்னது தப்பு. அவங்க ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அவங்க போவாங்க. தயவுசெஞ்சு பேரச் சேத்துக்குங்க."

எழுதி வைத்துப் படித்ததுபோல ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"ஐயா" என்றார் மாரப்பன். "அம்மா ஆறாந்தேதி சாயங்காலமே நேர்ல வந்து சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டாங்களே. ஆர்டர் வந்து நாலு நாளாச்சுங்க. வர்ற திங்கக்கிழமை ஜாயின் பண்றாங்க. ஏனுங்க, உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க" என்றேன். "ஒரு தடவ உறுதி பண்ணிக்கலாம்னு கூப்பிட்டேன்."

"அப்படீங்களா. சந்தோசமுங்க."

போன் நின்றது. வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் ரோடு கண்ணில் படவில்லை.

"முன்னாடி லாரி நிக்குதுங்க. பிரேக்கப் போடுங்க."

போட்டேன். லாரிக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்றது. முன்னால் 'தாரா' என்று சேர்க்காமல் அவள் என்னிடம் பேசியது பதினெட்டு நாளில் இதுதான் முதல் தடவை.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் இறங்கி, மழையில் சுற்றி வந்து, முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்களாச் சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

"நாஞ் சொல்லாம இருந்திருந்தா?"

"திங்கக்கிழமை காலைல வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பேன். நீங்க எந்திரிச்சு மீட்டரப் பாக்கலாம்னு வந்திருப்பீங்க. மீட்டரும் இருந்திருக்காது."

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கூரையத் தெறந்தது கொஞ்சம் அதிகந்தான்" என்றாள். நான், "நீலக் கலர் எடுத்திருக்கலாம்" என்றேன். பிறகு அவள் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அதைச் சிரிப்பினால் வந்தது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன்

பாத்திரம் கட்டினோம். எனக்கு எது தேவைப்படும் என்று ஒன்று ஒன்றாகக் கேட்டுக் கேட்டு எடுத்து வைக்கிறாள். பாதிக்கு மேல் எனக்குப் பெயர் தெரியவில்லை. இடது பர்னர் பற்ற வைக்கக் கற்றுக்கொடுத்தாள். திருகியை லேசாக மேலே இழுத்துத் திருப்ப வேண்டுமாம். இருபத்தொன்பது வருடமாக நான் அந்த அடுப்பைத் தொட்டதில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

காலை 7.10 புறப்பாடு. ஓட்டியது பூங்கோதை. சாவியை நான்தான் நீட்டினேன். ஏறி உட்கார்ந்ததும் சீட் இரண்டு அங்குலம் முன்னால் நகர்ந்து அவளுக்குப் பொருந்திக்கொண்டது. நாச்சிமுத்து வாசலில் நின்று பார்த்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்து கையை ஆட்டினேன்.

பண்ணாரி கோயிலில் நிறுத்தி, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சோதனைச் சாவடி தாண்டியதும் மலை ஆரம்பித்தது. ஒரு விஷயம் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். இந்த மலையை நான் காலால் நடந்து அளந்தவன். எந்த வளைவு எத்தனை அடி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஜீப்பில் ஏறிப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். கூட வந்தவர்களிடம் தூங்குகிறேன் என்று சொல்வேன். முப்பது வருடமாக இதுதான் நடந்தது. நான் ஒரு தடவைகூட இந்த மலையில் வண்டி ஓட்டியதில்லை.

"தூக்கமா?" என்றாள் ஐந்தாவது வளைவில்.

"இல்ல" என்றேன். "பயம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள். "எனக்கும்தான்" என்றாள். "ஒரு வளைவு பாக்கியில்லாம."

பதினோராம் வளைவில் மேகம் இறங்கியது. "தாரா, பனி வெளக்கப் போடு" என்றாள். பதில் இல்லை. மறுபடி சொன்னாள். "இணைப்பு இல்லை. குரல் கட்டளைகள் இப்போது இயங்காது" என்று சொல்லிவிட்டுத் தாரா வாயை மூடிக்கொண்டது. எதிரே விளக்கு மட்டும் தெரிந்தது. லாரியா பஸ்ஸா புரியவில்லை. பூங்கோதை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். கை எடுக்க முடியாது.

"ஏனுங்க, அந்தப் பனி வெளக்கு பட்டன்."

அமுக்கினேன்.

"கண்ணாடி மூட்டம் போடுது. தொடைங்க."

என் மேல்துண்டால் துடைத்தேன்.

"உங்க பக்கக் கண்ணாடிய எறக்கி வெளிய பாருங்க. ஓரத்துல எவ்வளவு எடமிருக்குது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மலையில் வண்டிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். ஓரக் கல், அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கீழே எத்தனை அடி என்று எனக்குத் தெரியும். "மூணடி இருக்குது" என்றேன். "இன்னும் ஒரு அடி எடப்பக்கம் வரலாம். வா. வா. போதும்." லாரி உரசாமல் இறங்கிப் போனது.

அடுத்த பதினாறு வளைவும் அப்படியே போனோம். அவள் சொன்னாள், நான் செய்தேன். அடி கணக்கு நான் சொன்னேன், அவள் திருப்பினாள். எதையும் யாரும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. திம்பம் உச்சியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியபோது என் துண்டு நனைந்து பிழியும்படி இருந்தது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். மோதிர விரலில் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு டீ நான் வாங்கி வந்தேன்.

நவம்பர் 24, திங்கள்

காலை 9.10க்குப் பூங்கோதை பணியில் சேர்ந்தாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். அவள் மாணவர்களிடம் பேசியபோது மைக் வேலை செய்யவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. வீட்டுக்காரர் என்ற இடத்தில் தயங்கவில்லை.

நவம்பர் 26, புதன்

பள்ளிக்குப் பக்கத்தில் எடுத்த வாடகை வீட்டில் மூன்று நாள் இருந்து பொருட்களை ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு, இன்று மதியம் இரண்டு மணி பஸ்ஸில் கோபி திரும்புவதாக ஏற்பாடு. பையெல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தேன். பஸ் சரியாக 2.05க்கு வந்தது. இங்கிருந்து நிறுத்தம் எண்பத்திரண்டு அடிதான். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

அடுப்பில் பால் இருந்தது. அதனால் போக முடியவில்லை.